அடுத்த கேள்வியைத் தீர்மானிப்பது யார்?

எங்கள் காலனியில் சமுதாயக்கூடத்தில் மாலைநேர வகுப்பு நடக்கிறது. இரண்டு ட்யூப்லைட், ஒரு கரும்பலகை, முப்பது நாற்பது பிள்ளைகள். சென்ற ஆண்டு ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் பத்து டேப்லெட்டுகளோடு வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இருபதே நிமிடத்தில் துல்லியமாகச் சொல்லிவிடும், மூணு மணி நேரப் பரீட்சையெல்லாம் இனிமே எதுக்கு என்றார்கள். பிள்ளை சரியாகப் பதில் போட்டால் அடுத்த கேள்வி கடினமாகும். தப்பாகப் போட்டால் அடுத்த கேள்வி எளிதாகும். அடாப்டிவ் டெஸ்ட் என்று பெயர். தமிழில் தகவமைப்புத் தேர்வு என்று எழுதுகிறார்கள்.

ஏழாவது படிக்கிற ஒரு பெண்பிள்ளைக்கு முதல் கேள்வியாகப் பின்னக் கூட்டல் வந்தது. தப்பு. அடுத்து வகுத்தல். அதுவும் தப்பு. மூன்றாவதாக இரண்டிலக்கக் கழித்தல். அதைச் சரியாகப் போட்டுவிட்டாள். ஆனால் முகம் சுருங்கிப்போனது. டேப்லெட்டைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏண்ணா, எனக்கு வராதுன்னுதான இப்ப ஈசியா குடுக்குது?"

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "பாத்தீங்களா சார், எவ்ளோ ஷார்ப்பா இருக்கா!" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்ட கேள்வியை நான் நாற்பது வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

நான் அஞ்சாவது படித்தது 1980களின் தொடக்கத்தில், ஊர்த்தெருவில் இருந்த பள்ளிக்கூடத்தில். வாத்தியார் வாய்ப்பாடு கேட்பார். ஊர்த்தெருப் பையன் தப்பாகச் சொன்னால், "யோசிடா, நல்லா யோசி" என்று காத்திருப்பார். விரலைக் காட்டுவார், பாதி விடையைத் தானே சொல்லி மீதியை அவன் வாயிலிருந்து வரவழைப்பார். எங்கள் வரிசைக்கு வரும்போது கேள்வியே மாறிவிடும். அவனிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டவர், எங்களிடம் "ரெண்டும் ரெண்டும் எவ்ளோடா?" என்பார். வகுப்பு சிரிக்கும். நாலு என்று சொன்னாலும் சிரிப்புதான், சொல்லாவிட்டாலும் சிரிப்புதான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஏழெட்டு அம்பத்தாறு என்று நானாகவே சொல்லிவிட்டேன். "ஒன்னையா கேட்டன்?" என்று முதுகில் ஒரு அடி விழுந்தது.

ஆகவே ஆளைப் பார்த்துக் கேள்வியை மாற்றுகிற தேர்வு நமக்குப் புதுசு இல்லை. பள்ளிக்கூடம் என்கிற நிறுவனம் நம் பிள்ளைகளுக்கு எப்போதும் அடாப்டிவ் டெஸ்ட்தான் வைத்துவந்திருக்கிறது. அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றில் வருகிற நிகழ்ச்சி நம்மில் எல்லோருக்கும் தெரியும். கணக்கைப் போட்டுக் காட்டுவதற்காக ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று சாதி இந்துப் பையன்கள் கூச்சலிட்டு ஓடிப்போய் எடுக்கிறார்கள். அந்த நிமிடத்தில் அங்கே அளக்கப்பட்டது எது? அந்தப் பையனின் கணக்கறிவா? தேர்வு என்பது கேள்வித்தாள் மட்டும் இல்லை. யார் கேட்கிறார், எங்கே நிறுத்திக் கேட்கிறார், சுற்றி நிற்பவர்கள் யார் என்பதெல்லாம் சேர்ந்த ஒரு பிரதி அது. அதை நாம் வாசித்தாக வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு தோழரின் வாதத்தையும் சொல்லவேண்டும். "மெஷினுக்குச் சாதி தெரியாதில்ல தோழர், அதுவே பெருசு" என்றார் அவர். அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை இது. இந்தத் தேர்வு எப்படி இயங்குகிறது என்று பார்த்தால், அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

கேள்வி வங்கி ஒன்று இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் இவ்வளவு கடினம் என்று ஓர் எண் போட்டிருக்கும். ஆளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாதபோது எல்லோருக்கும் நடுத்தரமான கேள்வியில் தேர்வு தொடங்கும். ஒவ்வொரு விடைக்கும் பிறகு, இந்த ஆள் ஏறக்குறைய இந்த இடத்தில் இருக்கிறார், இவ்வளவு பிழைக்கு இடமிருக்கிறது என்று எந்திரம் ஒரு மதிப்பீடு செய்யும். அந்த இடத்துக்கு நெருக்கமான கேள்வியை அடுத்து எடுக்கும். பிழை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடும். ரொம்பச் சுலபமான கேள்வியும் ரொம்பக் கடினமான கேள்வியும் ஒருவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவற்றைக் கழித்துவிட்டால் பாதிக் கேள்விகளிலேயே பழைய துல்லியத்தை எட்டிவிடலாம். விரைவும் துல்லியமும் சேர்ந்து வருவது இப்படித்தான். இதில் மோசடி இல்லை. டென்மார்க்கின் ஜார்ஜ் ராஷ் 1960இல் எழுதிய நூலும், அமெரிக்காவில் ஃபிரெடரிக் லார்ட் செய்த வேலையும் இதன் அடித்தளம். ஜிஆர்ஈ 1993இலும் ஜிமேட் 1997இலும் இந்த முறையில் கணினிக்கு வந்தன.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தேர்வு ஒழுங்காக அமைந்தால் கெட்டிக்காரனுக்கும் திணறுகிறவனுக்கும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் தப்பாகும். நூற்றுக்கு நூறு வாங்கியே பழகிய பிள்ளை முதல்தடவையாக விழிபிதுங்கி உட்கார்ந்திருக்கும். பார்க்கவேண்டிய காட்சிதான்.

இன்னொன்று, எல்லோருக்கும் ஒரே தாள் என்பதைச் சமத்துவம் என்று நாம் நம்பப் பழகியிருக்கிறோம். அதுவும் ஏமாற்றுதான். எட்டாம் வகுப்புத் தாளை, மூன்றாம் வகுப்புக் கணக்கே கைவராத பிள்ளையிடம் கொடுத்தால், வெறும் தாள் திரும்பி வரும். ஃபெயில் என்று போடலாம், அவ்வளவுதான். எங்கே தடுக்கியது என்று அந்தத் தாள் சொல்லாது. டெல்லியில் கணினிவழிக் கற்பித்தல் ஒன்றை வைத்து கார்த்திக் முரளிதரனும் மற்ற இருவரும் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அதில் பங்கெடுத்த பிள்ளைகள் கணக்கில் ஆறாம் வகுப்பிலேயே சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அது நாலரை வகுப்பாகிவிட்டது. பாடப்புத்தகம் வருடாவருடம் மேலே ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளை கீழேயே நிற்கிறது. அந்தப் பிள்ளை நிற்கிற இடத்தைத் தேடிப்போய்க் கேள்வி கேட்டு, அங்கிருந்தே சொல்லிக்கொடுத்ததில், நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. எந்திரமே இல்லாமலும் இதைச் செய்யலாம். 2005 முதல் வந்த அசர் கணக்கெடுப்பில் பயன்படுத்துகிற வாசிப்புத் தாள் அப்படிப்பட்டதுதான். முதலில் ஒரு பத்தி. வாசித்தால் கதைக்குப் போ. வாசிக்காவிட்டால் சொல்லுக்கு வா. அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு வா. பிள்ளையின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அதட்டாமல் கேட்பது.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். எல்லோருக்கும் நடுவிலிருந்து தொடங்கு என்கிற அந்த ஒரு விதி, என் பள்ளிப்பருவத்தில் எந்த வாத்தியாரிடமும் எனக்குக் கிடைக்காதது. என் வாத்தியாருக்குக் கேள்வி கேட்பதற்கு முன்பே என் இடம் தெரியும். அவருடைய மதிப்பீட்டில் பிழை பூஜ்யம்.

ஆனால் தோழர் சொன்னதில் மீதிப் பாதி?

ஒரு கேள்வி கடினம் என்று எப்படித் தெரியும்? கேள்விக்குள் கடினம் உட்கார்ந்திருப்பதில்லை. முன்பு அதை எழுதியவர்களில் எத்தனை பேர் எப்படி விடை போட்டார்கள் என்பதிலிருந்துதான் அந்த எண் பிறக்கிறது. அப்படி முன்னால் எழுதியவர்கள் யார் என்ற கேள்வியை எந்த விளம்பரமும் கேட்பதில்லை. அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வில் ஒருகாலத்தில் வந்த ஒரு கேள்வியை அங்குள்ள விமர்சகர்கள் திரும்பத்திரும்பச் சுட்டிக்காட்டினார்கள். ஓட்டக்காரருக்கு மாரத்தான் எப்படியோ, அப்படித் துடுப்பு வலிப்பவருக்கு ரெகாட்டா என்னும் படகுப்போட்டி. ரெகாட்டா எந்த வீட்டில் புழங்குகிற சொல், எந்த வீட்டில் புழங்காத சொல் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. அந்தவகைக் கேள்விகளையே 2005இல் அந்தத் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரே தாளில் இப்படி ஒரு கேள்வி இருந்தால் ஒரு மதிப்பெண் போகும். தகவமைப்புத் தேர்வில் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் போகிற பாதையே மாறும்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தக் கணிதத்துக்குள் இருக்கிற ஏணி. அறிவு ஒரே கோடு, எல்லா மனிதர்களையும் எல்லாக் கேள்விகளையும் அந்த ஒரே கோட்டில் மேல்கீழாக நிறுத்திவிடலாம் என்பது அதன் அடிப்படை அனுமானம். எட்டாம் படியில் நிற்பவனுக்கு ஏழாம் படி தெரிந்திருக்கும், மூன்றாம் படியில் தடுக்கியவனுக்கு எட்டாம் படி தெரிய வாய்ப்பில்லை. படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சொன்னதைப் படித்த நமக்கு இந்த ஏணியின் வடிவம் கொஞ்சம் பழக்கமாகத் தெரிந்தால் அது நம் குற்றமில்லை.

நம் பிள்ளைகள் இந்த ஏணிக்கு அடங்குவதில்லை. எங்கள் வகுப்புக்கு வருகிற ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அம்மாவோடு கீரை, காய் விற்கிறான். முக்கால் கிலோ கத்திரிக்காய், கால் கிலோ மிளகாய், ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை எவ்வளவு என்று நொடியில் சொல்வான். அதையே முக்கால் பெருக்கல் நாற்பத்தெட்டு என்று எழுதிக் காட்டினால் விழிப்பான். 1985இல் பிரேசிலில் தெருவில் விற்கும் சிறுவர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வந்தது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான கணக்கை மனதில் போட்டார்கள், பள்ளிக்கூட வடிவத்தில் கொடுத்தால் திணறினார்கள். வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் நேர்மாறாக இருந்தார்கள். இப்போது அந்தப் பையன் கையில் டேப்லெட்டைக் கொடுங்கள். முதல் கேள்வி தப்பு, கீழே இறங்கும். இரண்டாவது தப்பு, இன்னும் கீழே. அவனுக்குத் தெரிந்த கணக்கை அது கேட்கவே கேட்காது. ரொம்ப வேகமாக, ரொம்பத் துல்லியமாக, தப்பான இடத்தில் அவனைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும்.

இப்படி ஏணிக்கு ஒத்துவராத விடைகளைக் கொடுக்கிறவர்களுக்குப் புள்ளியியலில் ஒரு பெயர் இருக்கிறது. பொருந்தாதவர்கள். நமக்கு இந்தச் சொல் வேறு இடங்களிலும் கேட்ட சொல்தான்.

இந்தத் தேர்வின் வம்சாவளியையும் பார்த்துவிடுவோம். கணினி வருவதற்கு முன்பே இது பிறந்துவிட்டது. சாதாரண வகுப்பில் தொடரமுடியாமல் தவிக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் 30 கேள்விகளை எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கினார்கள். 1908இல் அவற்றை வயதுவாரியாகப் பிரித்தார்கள். பிள்ளை எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிற வயதுப்படியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எல்லாம் தப்பாகிற படிவரை ஏறிப்போவது இந்த முறையில் வழக்கமானது. அதாவது மனிதர் கையால் நடத்திய தகவமைப்புத் தேர்வு. பினேயின் நோக்கம் அந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கொடுத்துச் சொல்லித்தருவது. அறிவு மாறாத அளவு, அதைக் கூட்டவே முடியாது என்று சொன்னவர்களை அவர் கடுமையாக எதிர்த்தார். 1911இல் இறந்துபோனார்.

அதே ஏணி அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் வேறு வேலைக்குப் போனது. 1916இல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டார். மெக்சிகர்கள், செவ்விந்தியர்கள், கறுப்பர்கள் நடுவே மந்தபுத்தி அதிகம், அது அவர்கள் இனத்திலேயே இருப்பதாகத் தெரிகிறது, அந்தப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் போடவேண்டும், அவர்களுக்குக் கருத்தளவிலான படிப்பு ஏறாது, நல்ல வேலைக்காரர்களாக ஆக்கலாம் என்ற பொருளில் எழுதினார். இங்கே 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்ததும், எதிர்ப்பில் 1954இல் அது கைவிடப்பட்டதும் நினைவுக்கு வரவில்லையா? டெர்மன் கையில் மதிப்பெண் இருந்தது, இங்கே அதுகூடத் தேவைப்படவில்லை, பிறப்பே போதும். கலிபோர்னியாவில் கறுப்பினப் பெற்றோர்கள் 1971இல் வழக்குப் போட்டார்கள். நுண்ணறிவுத் தேர்வை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளில் தள்ளக்கூடாது என்று நீதிபதி ராபர்ட் பெக்கம் 1979இல் தீர்ப்பளித்தார். எட்டு வருடம். வழக்குப் போட்டபோது ஆறு வயதாக இருந்த பிள்ளை பதினான்கு வயதாகியிருக்கும்.

பினே கையில் சொல்லிக்கொடுக்கிற கருவி, டெர்மன் கையில் ஒதுக்கிவைக்கிற கருவி. கேள்விகள் பெரிதாக மாறிவிடவில்லை. எங்கிருந்து தொடங்குவது, எப்போது நிறுத்துவது, நிறுத்திய பிறகு அந்தப் பிள்ளையை என்ன செய்வது என்ற முடிவுகள்தான் மாறின. இந்த மூன்றையும் கணிதம் தீர்மானிப்பதில்லை. மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்.

தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் தொடங்குவது, முன்தகவல் இல்லாதபோது மட்டும்தான். முன்தகவல் இருந்தால் அதை வைத்தே தொடக்கப் புள்ளியைக் குறிக்கலாம், இன்னும் நாலு கேள்வி மிச்சமாகும் என்கிறது இதே துறை. முன்தகவல் என்றால் என்ன? போன தேர்வின் மதிப்பெண்ணாக இருக்கலாம். வகுப்பாக இருக்கலாம். நாளைக்கே பள்ளியின் பெயராகவும் ஊரின் பின்கோடாகவும் இருந்தால்? ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற பெயரே ஒரு முன்தகவல்தானே? அப்போது எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று சொல்லமுடியாது. என் வாத்தியார் செய்ததை அது வேகமாகச் செய்யும், அடிக்காமல் செய்யும்.

நிறுத்துவது இன்னும் சிக்கல். முன்னே விட்ட கேள்விக்குத் திரும்பிப்போக முடியாது என்பது பழைய ஜிஆர்ஈயில் விதி. பெரும்பாலான தகவமைப்புத் தேர்வுகளில் அதுவே விதி. பதற்றத்தில் முதல் ரெண்டு மூணு தப்பாகிவிட்டால், தேர்வும் குறுகியதாக இருந்தால், பழையபடி மேலே ஏறிவருவதற்குள் மணியடித்துவிடும். டேப்லெட்டை முதல்முறையாகத் தொடுகிற பிள்ளைக்கும், வீட்டில் ரெண்டு வைத்திருக்கிற பிள்ளைக்கும் முதல் மூன்று கேள்விகள் ஒன்றா? எஸ்ஏடி 2023இல் வெளிநாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் இப்படி மாறியது. முதல் பகுதியை எப்படிப் போட்டாய் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதி கடினமானதாகவோ எளிதானதாகவோ வரும். எளிதான பகுதிக்கு அனுப்பப்பட்டவர் அதில் அத்தனையும் சரியாகப் போட்டாலும் உச்ச மதிப்பெண்ணைத் தொடமுடியாது. கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிற தேர்வில் இப்படி ஒரு கூரை.

அளவுகோல் மாறினால் ஆளே மாறிவிடுகிற கொடுமையை நாம் 2017இல் பார்த்தோம். அரியலூர் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. நீட் தேர்வில் 720க்கு 86. அந்த நீட் தகவமைப்புத் தேர்வு இல்லை, காகிதத்தில் எழுதிய தேர்வு. ஆனாலும் துல்லியம் என்ற சொல்லை யாராவது நம்மிடம் கொண்டுவந்து விற்கும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. இரண்டுமே ஒரே பெண்ணின் எண்கள்.

மூன்றாவது, நிறுத்திய பிறகு என்ன என்பது. தமிழ்நாட்டில் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். நிற்கிற இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்கவேண்டும் என்கிற நல்ல யோசனைதான் இதன் பின்னால் இருப்பது. அழகான பெயர்கள். மக்கு வரிசை என்று சொல்லவில்லை. ஆனால் பெயரைக் கண்டு பிள்ளைகள் ஏமாறுவதில்லை, மேலே சொன்ன பெண்பிள்ளை மாதிரி. எந்தத் தெருப் பிள்ளைகள் அரும்பில் இருந்தார்கள், எத்தனை மாதம் இருந்தார்கள், எத்தனை பேர் மொட்டுக்குப் போனார்கள் என்ற கணக்கை நம் இயக்கத் தோழர்கள் ஒன்றியம் ஒன்றியமாகக் கேட்டு வாங்கவேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் கிடைக்கக்கூடியதைக் கேட்காமல், எந்திரமா வாத்தியாரா என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. நம் மாணவர்கள் புள்ளியியல் படிக்கவேண்டும் என்பதும் என் ஆசை. கவிதை எழுத நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேள்வி வங்கியைத் திறந்து காட்டு, எந்தப் பிள்ளைகளை வைத்து இந்தக் கடின எண்ணைப் போட்டாய் என்று கேட்கத் தெரிந்தவர்கள் கையளவுகூட இல்லை.

அன்றைக்கு இருபது நிமிடத்தில் தேர்வு முடிந்தது. நிறுவனத்துக்காரர்கள் ஒரு வரைபடம் காட்டினார்கள். அந்தப் பெண்பிள்ளை மூன்றாம் வகுப்பு நிலையில் இருக்கிறாள் என்று வந்தது. பொய்யென்று நான் சொல்லமாட்டேன், அவளுக்கு வகுத்தல் வராது என்பது எனக்கும் தெரியும். அவர்கள் டேப்லெட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், மொதக் கணக்க இன்னொருவாட்டி காட்டுங்க சார்."

"அது முடிஞ்சிடுச்சும்மா. பின்னாடி போக முடியாது."

வேன் கிளம்பியதும் அவள் சாக்பீசை எடுத்து, நினைவிலிருந்தே அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினாள். முக்காலும் மூன்றில் இரண்டும். எண்களைச் சரியாகவே எழுதியிருந்தாள். "இத்த எப்டிண்ணா போடறது?" என்றாள். கீரை விற்கிற பையனும் வந்து நின்றுகொண்டான். முக்கால் கிலோ அவனுக்குத் தெரியும், மூன்றில் இரண்டு பங்கு தெரியாது. ஒரு முறுக்கை உடைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. காகிதத்தை மடித்துப் பார்த்தோம். எட்டரைக்கு மின்சாரம் போனது. அன்றைக்கு முடியவில்லை. மறுநாள் பாதி வந்தது.